ஆட்சி மாறினால் அரசு மருத்துவமனையும் மாறுமா?

கேள்வி: தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறி மாறி ஆட்சிக்கு வருவதால், ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடக்குவதிலேயே மருத்துவத்துக்கான மக்கள் பணம் வீணாகிறது என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இது சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்

பதில்: முழுக்கச் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊர்க்காரர்களின் ஆதங்கத்துக்குக் காரணம் உண்டு. 2020 டிசம்பரில் அ.தி.மு.க. அரசு தொடங்கிய அம்மா மினி கிளினிக்குகள், தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின், 2022 தொடக்கத்தில் மூடப்பட்டன. அவை ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடே என்று அரசு விளக்கம் தந்தது. இருக்கலாம். ஆனாலும், பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அங்கே மாலையிலும் மருத்துவர் கிடைத்தது பெரிய உதவி. பெயரை எடுத்துவிட்டு அந்த மாலை நேரத்தையாவது தொடர்ந்திருக்கலாம் என்றே நான் கருதுகிறேன்.

மறுபக்கத்தையும் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தரப்பட்ட தொகை 2006இல் தி.மு.க. ஆட்சியில் 6,000 ரூபாயானது, 2011இல் அ.தி.மு.க. ஆட்சியில் 12,000 ஆனது. 2018இல் 18,000 ஆனது. அதைப் பெறுவதற்குக் கர்ப்பிணிகள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும், பரிசோதனைகளுக்கு வர வேண்டும் என்பதால், பணத்தோடு கண்காணிப்பும் சேர்ந்து வந்தது. கலைஞர் பெயரில் 2009இல் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2011 ஆட்சி மாற்றத்தில் நின்றுபோய், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் திரும்பி வந்தது. 2021இல் மீண்டும் ஆட்சி மாறியபோது அந்தப் பெயரோடேயே தொடர்ந்தது. 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸை நிறுத்தும் துணிவு எந்தக் கட்சிக்கும் வரவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்ட ஒன்றைப் பறித்தால் வாக்கு போய்விடும் என்ற அச்சம் இரு தரப்பிலும் இருப்பதுதான் இதற்குக் காரணம்; அந்த அச்சம் நமக்கு நல்லதே செய்திருக்கிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் மேலாக மதிப்பது, எந்தத் தலைவரின் பெயரும் இல்லாத ஒரு மருந்துக் கொள்முதல் அமைப்பை. அண்மையில் கடலூர் துறைமுகம் பக்கம் ஒரு மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் ஒரு பையோடு வந்து, இரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு, சர்க்கரை மாத்திரை அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையின் பின்புறத்தில் அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று என்று அச்சாகியிருந்தது. வீடு தேடி வரும் அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தி.மு.க. தொடங்கியது. கையில் வந்த மாத்திரையோ, 1994இல் ஜெயலலிதா ஆட்சியில் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக வந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குவது, மருந்தின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்புவது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் குறித்த தொகைக்கு உட்பட்டு மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளச் செய்வது என்ற அதன் நடைமுறையை, 1996இல் வந்த தி.மு.க. அரசு கலைக்காமல் காத்தது. அதன்பின் வந்தவர்களும் காத்தார்கள்.

கேள்வி: புதுச்சேரியிலும் தேர்தல் நடக்கிறது, கட்சிகள் மாறுகின்றன. ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் போட்டி எங்களுக்கு ஏன் பலன் தரவில்லை?
– கல்லூரி மாணவி, வில்லியனூர்

பதில்: பலனே இல்லை என்று சொல்வதற்கில்லை, கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியை நடத்துவது உங்கள் அரசுதான். ஆனால் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசின் நிறுவனம். அதன் நிதியும் நியமனங்களும் டெல்லியில் முடிவாகின்றன. விடிவதற்கு முன்பே கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்து ஏறி வந்து அங்கே வரிசையில் நிற்பவர்களுக்கும், அதை நடத்துகிறவர்களுக்கும் இடையே வாக்குச்சீட்டின் உறவு மிக மெல்லியது. உங்கள் அமைச்சரவையின் முடிவுகளோ துணைநிலை ஆளுநரையும் உள்துறை அமைச்சகத்தையும் கடந்தாக வேண்டும்.

ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானபோது, அ.தி.மு.க. அரசு அக்டோபர் 29 அன்று அரசாணையே பிறப்பித்துவிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. அதே 2020இல் புதுச்சேரியில் நாராயணசாமி அமைச்சரவை 10 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு முடிவெடுத்தது. மத்திய அரசின் அனுமதி கிடைத்ததோ 2023இல், ரங்கசாமி ஆட்சியில். இடைப்பட்ட ஆண்டுகளில் பாகூரிலும் திருக்கனூரிலும் அரசுப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தை யாராலும் திருப்பித் தர இயலாது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கேள்வி: தமிழ்நாடு மருத்துவத்தில் முன்னணி மாநிலம் என்கிறார்கள். பிறகு எதற்கு இத்தனை குறைகள்?
– வாசகி, பண்ருட்டி

பதில்: முன்னணி என்பது உண்மை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஆயிரம் பிறப்புக்கு ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகள் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. கேரளத்தில் 6 என்பதையும் மறக்கக் கூடாது. பெண் கல்வி, சாலை வசதி, சத்துணவு எல்லாம் சேர்ந்து தந்த பலன் இது. எந்த ஒரு கட்சியும் தனக்கு மட்டுமே உரியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

குறை வருவது பணத்திலும், அது போகும் வழியிலும். மாநிலங்கள் தங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் 8 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்பது 2017 தேசிய சுகாதாரக் கொள்கையின் இலக்கு; தமிழ்நாடு அதற்கு வெகுவாகப் பின்தங்கியே நிற்கிறது. புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடத்தை நிரப்புவதற்கும், பழுதான ஸ்கேன் கருவியைச் சரிசெய்வதற்கும் விழா இல்லை, கல்வெட்டும் இல்லை. அதனால் எந்தக் கட்சியும் அதை மேடையில் பேசுவதில்லை.

ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, கடந்த ஓராண்டில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதுங்கள். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவஞ்சலில் அனுப்பினால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதிலைப் பத்துப் படிகள் எடுத்து, வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஒன்று கொடுங்கள். எந்தப் பணியிடத்தை எப்போது நிரப்புவீர்கள் என்று, அவர் வாசலில் நிற்கும்போதே கேளுங்கள்.