உச்சப்பட்டியிலும் கேளுங்கள்

கேள்வி: அமெரிக்கா எச்1பி விசாவுக்கு லட்சம் டாலர் கேட்கிறது. கனடா மாணவர் அனுமதியைக் குறைத்துவிட்டது. வளைகுடாவில் முப்பது வருஷம் உழைத்தாலும் குடியுரிமை கிடையாது. வந்தவனை மதிக்கத் தெரிந்த நாடு உலகத்தில் ஒன்றாவது உண்டா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை விசாவுக்குக் காத்திருக்கிறதோ என்னவோ, கடிதத்தில் அந்தச் சூடு தெரிகிறது. நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. அமெரிக்காவில் இதைவிடப் பெரிய பூட்டு ஒன்று பல காலமாகத் தொங்குகிறது. வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் அதே 7, குட்டி நாடான ஐஸ்லாந்துக்கும் அதே 7. நம் ஆட்களின் வரிசை நீண்டுகொண்டே போவதற்கு அதுதான் காரணம். சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் போகிறவர் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. வேலைக்கு எடுத்த முதலாளியின் பிடியிலேயே தொழிலாளியைக் கட்டிப்போடும் வளைகுடாவின் கபாலா முறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்தார் 2020இல்தான், பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாறலாம் என்றது.

சரி, எந்த நாடு நியாயமானது? நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். உள்ளே வந்தவரிடம், 'இத்தனை வருஷம் பொறு, அப்புறம் நீ எங்கள் ஆள்' என்று அந்த நாடு கணக்குச் சொல்கிறதா? கனடா சொல்கிறது: நிரந்தரவாசி ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி எட்டு வருஷமாக இருந்ததை 2024இல் ஐந்தாகக் குறைத்தது.

இதே கேள்வியை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உச்சப்பட்டியில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலும் கேளுங்கள். ஆனையூரில் கேளுங்கள், திருவாதவூரில் கேளுங்கள்.

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு தம்பி வந்தான். "அண்ணே, ரெண்டு கோட்டு பட்டி பாத்தாத்தேன் இந்தச் சுவரு நிக்கும்" என்றான். அப்படியே மதுரைப் பேச்சு. பிறந்தது பெரியாஸ்பத்திரியில், வயது 27. சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினான். பிறப்புச் சான்றிதழில் மதுரை, முகாம் அட்டையில் இலங்கை. அந்த நாட்டை அவன் கண்ணால் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் பெயிண்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்களாம். முதலில் பாஸ்போர்ட் கேட்டார்கள், அதோடு முடிந்தது. நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் வரிசையில் போய் நிற்கக்கூட அவனால் முடியாது.

காரணம் நம் சட்டம். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்திருந்தால் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அதே முகாமில் இரண்டு வருஷம் தள்ளிப் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை. விண்ணப்பித்து வாங்கலாமென்றால், பெற்றோர் உரிய தாள் இல்லாமல் படகில் வந்தவர்கள், ஆகவே சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது. ஜெயில் பயம் போனது, நல்லதுதான். குடியுரிமை வரவில்லை.

முகாம்களில் பலர் இலங்கையின் மலையகத் தமிழர் வழிவந்தவர்கள். அவர்களின் பாட்டன் பூட்டன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனதே நம் மாவட்டங்களிலிருந்துதான். இவர்களை வெளியாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இலங்கையை விட்டுக் கிளம்பிய ஒரு யாழ்ப்பாணத்துச் சிறுவன் 1983இல் அகதியாகக் கனடா போய்ச் சேர்ந்தார். கேரி ஆனந்தசங்கரி. 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். கனடாவின் எல்லைக் காவல் அமைப்பு அவர் பொறுப்பில் வருகிறது. கனடா மட்டும் தங்கமான நாடு என்று சொல்ல வரவில்லை. 2010இல் ஒரே கப்பலில் வந்த 492 தமிழர்களைப் பிடித்து அடைத்து வைத்ததும் அதே நாடுதான். ஆனாலும் அங்கே போன அகதி அமைச்சராக முடிந்தது. இங்கே வந்தவரின் பேரப்பிள்ளைகூட முகாம் அட்டையோடு நிற்கிறது.

அமெரிக்காவை எண்ணி நீங்கள் பட்ட ஆத்திரம் வீண் இல்லை. அதில் பாதியையாவது ஒரு கடிதமாக எழுதி உங்கள் எம்.பி.க்கு அனுப்புங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி செய்யச் சொல்லுங்கள். பெயிண்ட் வேலை முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அந்தத் தம்பி என்னிடம் வந்து நின்றான்: "இன்னைக்கு முகாம்ல கணக்கெடுக்க வர்றாக. மூணு மணிக்குக் கிளம்பிக்கிறவாண்ணே?"