நார்வேயின் சால்மன் கூண்டுகளும் இயற்கை மீன்களும்: கேள்வி பதில்

கேள்வி: கடலில் மிதக்கும் சால்மன் கூண்டுகளைச் சுற்றி மற்ற மீன்கள் திரள்வது ஏன்?

பதில்: கூண்டுக்குள் இடும் தீவனத்தில் சால்மன் உண்ணாமல் விடும் உருண்டைகள் வலைக்குக் கீழே இறங்குகின்றன, அவற்றைத் தேடியே அவை வருகின்றன. நார்வேயில் மிகுதியாக வருவது காட் (cod) என்னும் கடல்மீனின் குடும்பத்தைச் சேர்ந்த, அந்நாட்டார் ‘சை’ என்று அழைக்கும் மீன். காட் மீனும் வரும். கோடைக்காலத்தில் நாடு முழுவதுமுள்ள பண்ணைகளைச் சுற்றி எந்த ஒரு நாளிலும் 12,000 டன்னுக்குக் குறையாமல் இயற்கை மீன்கள் நிற்பதாக 2009-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கேள்வி: அவை கொழுத்திருக்கின்றன என்கிறார்கள். அது நன்மைதானே?

பதில்: கொழுத்திருப்பது உண்மை. நீளத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிலைக் குறியீடு பண்ணையோர மீன்களில் உயர்ந்தே இருக்கிறது. காட் குடும்ப மீன்கள் கொழுப்பைத் தசையில் அன்றி ஈரலில் சேமிப்பவை என்பதால், அவற்றின் ஈரலும் பெருத்துவிடுகிறது. ஆனால் கொழுப்பின் அளவு வேறு, அதன் தன்மை வேறு. 1990 வாக்கில் நார்வேயின் சால்மன் தீவனத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு மீன்தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி சோயாவும் கடுகினத்தைச் சேர்ந்த ரேப்சீட் விதையின் எண்ணெயும் போன்ற நிலத்து விளைபொருள்கள். அதை உண்ணும் சை மீனின் ஈரலில் தாவர எண்ணெய்க்குரிய கொழுப்பமிலங்கள் கூடி, ஒமேகா-3 கொழுப்பமிலங்களின் பங்கு குறைகிறது. எனவே, எடையை மட்டும் பார்த்து நலமென்று முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: அப்படியானால் முட்டைகளும் பாதிக்கப்படுமா?

பதில்: கருவின் கண்ணும் மூளையும் உருவாக முட்டைக் கருவில் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் வேண்டும், ஆகவே அச்சத்துக்குக் காரணம் உண்டு. எனினும், பண்ணைகள் நெருங்கிய பகுதிகளின் காட் மீன்களையும் பண்ணைகள் குறைந்த பகுதிகளின் காட் மீன்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், இனப்பெருக்கத் திறனில் வேறுபாட்டுக்கான சான்று சிறிதளவே கிடைத்தது. கூண்டுத் தீவனம் காட் இனத்தின் பெருக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல இது போதாது.

கேள்வி (பெர்கனிலிருந்து): கூண்டின் அருகே தூண்டில் போடலாமா?

பதில்: கூடாது. கூண்டிலிருந்து 100 மீட்டருக்குள் மீன்பிடிக்கச் சட்டம் தடை விதித்துள்ளது. அந்த எல்லை திரண்டு நிற்கும் மீன்களுக்கும் ஓரளவு காப்பாக அமைகிறது.

கேள்வி: தாங்கள் மிகவும் அஞ்சும் பாதிப்பு எது?

பதில்: தப்பிய வளர்ப்புச் சால்மன் ஆற்றில் ஏறி, இயற்கைச் சால்மனோடு கலப்பது. 1970-களிலிருந்து விரைவான வளர்ச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மீன், ஆற்று வாழ்வுக்குரிய திறனை இழந்திருக்கிறது. நார்வேயின் இம்சா ஆற்றில் இரு வகையையும் ஒன்றாக விட்டுப் பார்த்த சோதனை 2000-இல் வெளியானது. வளர்ப்பு மீனின் வாழ்நாள் இனப்பெருக்க வெற்றி இயற்கை மீனுடையதில் 16 விழுக்காடே. வளர்ப்பு ஆண்கள் முட்டையிடும் இடத்தில் நடக்கும் போட்டியில் பெரும்பாலும் தோற்கின்றன. பெண்கள் ஓரளவு வெல்வதால், கலப்பு பெரும்பாலும் அவற்றின் வழியாகவே நுழைகிறது. தோற்பவை தாமே அழிந்துவிடும் என்று எண்ணி அமைதி கொள்ள முடியாது. ஆண்டுதோறும் புதியவை தப்பி வருவதால், நார்வேயில் ஆராயப்பட்ட சால்மன் இனத்தொகைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் வளர்ப்பு மரபணுவின் தடயம் காணப்படுகிறது. கலந்த மீன்கள் முதிர்ச்சியடையும் வயதும் உடல் அளவும் மாறிவிடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பொருந்தி வந்த இனம் இப்படிக் கரைவது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. ஏனெனில், வலையைத் தைத்துவிடலாம், கலந்த மரபணுவைப் பிரித்தெடுக்க முடியாது.

கேள்வி: சால்மனின் உடலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணியான கடல் பேன் பண்ணைகளில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பு இருக்கிறதே, அது போதாதா?

பதில்: ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண் பேன் என்பது பொது வரம்பு; இளஞ்சால்மன் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வசந்தகாலத்தில் அது 0.2 ஆகக் குறைக்கப்படுகிறது. ஆனால் கூண்டுகளில் இருப்பவை கோடிக்கணக்கான மீன்கள். ஆறுகளுக்குத் திரும்பும் இயற்கைச் சால்மனோ ஆண்டுக்குச் சில இலட்சங்களே. ஒரு மீனுக்கு அரைப் பேன் என்றாலும், மொத்தத்தில் கடலில் விடப்படும் பேன் குஞ்சுகள் எண்ணிலடங்கா. விரல் நீள இளமீனின் மீது பத்துப் பேன் ஏறினாலே அது இறக்கக்கூடும். இறந்த இளமீன் முட்டையிட ஆற்றுக்குத் திரும்புவதில்லை. 2024 கோடையில் திரும்பி வந்த சால்மன் மிகக் குறைந்ததால், 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதையே அரசு நிறுத்தியது. அதற்குக் கடலின் மாற்றங்களும் காரணமாகலாம். ஆனால் நம் கையால் உடனே குறைக்கக்கூடியது பேன்தான். ஆகவே, மீனுக்கு இத்தனை என்றில்லாமல், ஒரு விரிகுடா முழுவதற்கும் மொத்தப் பேன் எண்ணிக்கையை வரையறுக்க வேண்டும் என்பதே என் கருத்து.