டெல்டாவில் இருந்துகொண்டு மவுண்டன் பைக் வாங்குவது வீண் செலவா?

கும்பகோணம் பக்கம் இருக்கிறேன், சுற்றிலும் வயலும் ஆறும்தான், பச்சைமலை, கொல்லிமலைக் காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட ஆசை, வீட்டில் சிரிக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் பாபநாசத்துக்காரன். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தான். கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் சொச்சம், தஞ்சாவூர் 60 மீட்டர் சுமார். நடுவில் இருக்கிற 40 கிலோமீட்டருக்கு மொத்த ஏற்றமே முப்பத்துச் சொச்சம் மீட்டர்தான் தேறும். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த கால் மலை ஏறுமா என்றால், ஏறும். ஏறுவது நம் ஊர்க்காரனுக்குப் பெரிய சிக்கல் இல்லை. இங்கே பழகவே வழியில்லாத ஒன்று நீண்ட இறக்கம். உங்கள் பணமும் பயிற்சியும் முதலில் அதற்குப் போகட்டும்.

ஏறுவதற்குப் பழக நமக்கு ஆடிக் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து மேற்கே மிதித்துப் பாருங்கள். ஒரு கணக்குப் போடலாம்: ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. 20 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்த்து 15 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கும், 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கும் கால் கொடுக்க வேண்டிய உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு. எதிர்காற்றில் குனிந்தால் பாரம் குறையும். மேட்டில் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் உங்கள் எடை உங்கள் எடைதான். அதனால் காற்றில் ஓட்டும்போது வேண்டுமென்றே நிமிர்ந்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் விடாமல் மிதித்துப் பழகுங்கள். பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள், காதில் வாங்க வேண்டாம்.

இறக்கத்துக்கு நம்மிடம் இருப்பது ஆற்றுக்கரை மட்டும். கொள்ளிடக் கரையில் படுகைக்கு மாடு இறங்கும் சரிவுகள் இருக்கின்றன. சில மீட்டர்தான், ஆனால் செங்குத்து. உடல் எப்படி இருக்க வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் தாழ்ந்து, முழங்கை மடங்கி, இடுப்பு பின்னே போய், பிரேக் லீவரில் ஒரே ஒரு விரல். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பாதை எங்கே போகிறதோ அங்கே. கோடையில் வற்றிக் கிடக்கும் மணலிலும் ஓட்டுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் விழுவீர்கள், தளர்த்தினால் சைக்கிள் தானே வழி தேடிக்கொள்ளும். இது மலையில் சரளைக் கல்லின் மேல் அப்படியே உதவுகிறது. படித்துறைப் படிகளில் இறங்கிப் பழகும் பையன்களையும் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கிறவர்கள் இருக்கும் நேரத்தில் அது வேண்டாம், திட்டு வாங்குவது நிச்சயம்.

மழை பெய்த மறுநாள் மட்டும் வயல் பாதைப் பக்கம் போகாதீர்கள். நம் களிமண் டயருக்கும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். அப்புறம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

சைக்கிள் விஷயம். கடையில் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் (சஸ்பென்ஷன்) வைத்துப் பளபளவென்று நிற்கும் விலை மலிவான வண்டியைக் காட்டுவார்கள். தொடவே வேண்டாம். மலிவு விலையில் இரண்டு ஷாக் என்றால் எடை கூடும், மிதிக்கிற பலத்தில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்குவதில் போகும், ஒரு வருடத்தில் பின்பக்க மூட்டில் இருக்கும் புஷ் தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், அலாய் ஃபிரேம், 2.1 இஞ்சுக்குக் குறையாத டயர், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பணம் பத்தவில்லை என்றால் மற்ற எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், பிரேக்கில் குறைக்காதீர்கள். கம்பி இழுத்துப் பிடிக்கும் கேபிள் டிஸ்க்கில் நீண்ட இறக்கத்தில் விரல் மரத்துப்போகும். கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் பெடலோடு சுற்றும் சின்ன பல்சக்கரத்துக்கும் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கும் உள்ள விகிதம்தான் ஏற்றத்தில் கணக்கு. முன்னே 32 பல், பின்னே 51 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் 0.63 சுற்று. பழைய மாதிரி 22-க்கு 28 என்றால் 0.79. இரண்டாவதிலும் ஏறலாம், மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்கும்.

நம் ஊருக்கென்று தனிச் சிக்கல் முள். கரையோரம் முழுக்கச் சீமைக்கருவேல், வரப்பில் நெருஞ்சி. டியூப்லெஸ் ஆக்கி, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை ஊற்றிவிட்டால் பாதித் தலைவலி போகும். முடியாதென்றால் டியூபுக்குள்ளேயே சீலண்ட் விடலாம். வால்வு பைக், கார் டயரில் இருக்கும் தடித்த வகையாக இருக்கட்டும். ஒல்லி வால்வு வைத்தால் பெட்ரோல் பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் காற்றடிக்க முடியாது. மண்பாதைக்கு டியூப்லெஸ்ஸில் 25 பிஎஸ்ஐ சுமார் போதும். கல் மாதிரி காற்றடித்துக்கொண்டு மலைக்குப் போனால் ஒவ்வொரு கூழாங்கல்லும் உங்களைத் தூக்கிப் போடும்.

இப்போது இறக்கத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டு பிறந்ததே இறக்கத்தில்தான். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலை மேல் கொண்டுபோய், தீயணைப்பு வண்டிக்காகப் போட்ட மண்பாதையில் உருட்டிவிட்டுக்கொண்டு வந்தார்கள். 1976-இல் அதையே பந்தயமாக்கினார்கள், பெயர் ரீபேக். பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் ஹப் பிரேக் அந்த சைக்கிள்களில். ஒரு இறக்கம் முடிவதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து போய்விடும், ஹப்பைக் கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். மவுண்டன் பைக்கை உருவாக்கிய முன்னோடிகளான கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் இருவரும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். 1996 அட்லாண்டாவில் இது ஒலிம்பிக் போட்டியானது.

கிரீஸ் ஏன் புகைந்தது? கொல்லிமலையை வைத்தே சொல்கிறேன். ஏறக்குறைய 1000 மீட்டர் இறங்குகிறீர்கள் என்றால் 90 கிலோவுக்கு 880 கிலோஜூல் எங்காவது போயாக வேண்டும். சாதாரணத் தண்ணீர் மூன்று லிட்டரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் ஒரு சாணுக்கும் குறைவான அகலமுள்ள டிஸ்க் இரண்டில் இறங்கும். பயந்துபோய் பிரேக்கை விடாமல் லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. நேர்ச் சாலையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட வேண்டும். நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று தண்ணீர் குடியுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், விரல் பொத்துவிடும்.

எந்த மலை? முதலில் பச்சைமலை. திருச்சி தாண்டி துறையூர், அங்கிருந்து அடிவாரத்துச் சோபனாபுரம், மேலே டாப் செங்காட்டுப்பட்டி. உயரம் கொல்லிமலையை விடக் குறைவு, வண்டிப் போக்குவரத்தும் குறைவு. மேலே ஊருக்கு ஊர் போகும் பாதைகளில் பலவற்றில் தார் வந்துவிட்டது, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே செம்மண் தடங்களும் இருக்கின்றன. இந்த விளையாட்டுக்கு அவைதான் அரிச்சுவடி. அதில் கை பழகியபின் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேடு, சோளக்காடு, மிளகு படர்ந்த மரங்கள், காபி, பலா. ஆகாய கங்கை அருவித் தண்ணீர் அய்யாறாகிக் காவிரிக்குத்தான் வருகிறது, ஆகவே நமக்கு அது அந்நிய மலை இல்லை. ஆடிப்பெருக்கை ஒட்டி அங்கே வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டம். அந்த நாட்களில் வளைவுக்கு வளைவு வேனும் பஸ்ஸும் நிற்கும், சைக்கிளோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு மலையிலும் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் வழி என்று தங்கள் வரலாற்றைச் சொல்வார்கள். நீங்கள் டிரெயில் (சைக்கிள் ஓட்டும் காட்டுப் பாதை) என்று நினைத்து ஓட்டுகிற ஒற்றையடிப் பாதை அவர்களுக்குக் காட்டுக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற வழி. எதிரே ஆள் வந்தால், தலைச்சுமையோடு வந்தால் கட்டாயம், இறங்கி ஓரமாக நில்லுங்கள். சாலையிலும் பாறையிலும் சாமையோ கேழ்வரகோ காய்ந்தால் சுற்றிப் போங்கள். ரோட்டில் நெல் காயப்போடுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயில் காடு என்று விட்டுவைத்திருக்கும் இடங்களுக்குள் சைக்கிளை ஏற்றவே வேண்டாம். ஒருமுறை மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு பாட்டி, "ஏன் தம்பி, பஸ்சு விட்டுப்போச்சா?" என்று உண்மையான கவலையோடு கேட்டது. இல்லை பாட்டி, ஆசைக்குத்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொளுப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஊர்ச் சாலையில் ஓட்ட யாரும் தடுக்கப் போவதில்லை. காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், சைக்கிள் என்பதால் சலுகை கிடையாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபிறகு விதிகள் இறுகிவிட்டன. வனச்சரக அலுவலகத்தில் எந்தப் பாதை, எந்த மாதம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது அவர்களே வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள்.

நல்ல காலம் தை மாதம். வடகிழக்கு மழை ஓய்ந்து மண் இறுகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது. சம்பா அறுவடையும் அப்போதுதான். "மெஷின் வர்ற நாளாப் பாத்து மலைக்குக் கெளம்பு" என்று வீட்டில் விழும் பேச்சுக்குத் தயாராக இருங்கள்.

சைக்கிளைக் கொண்டுபோக, கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் பார்சலாகப் போடலாம். அதற்கு மேல் பஸ். கூட்டமில்லாத காலை வண்டியாகப் பார்த்து கண்டக்டரிடம் முதலிலேயே பேசி, லக்கேஜ் டிக்கெட் வாங்கிவிடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் இடம் பாதியாகும். கழற்றியதும் பிரேக் பேட் இரண்டுக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். வழியில் யாராவது லீவரை அமுக்கினால் பேட் ஒட்டிக்கொள்ளும், பிறகு அடிவாரத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருக்க வேண்டிவரும்.