சிவந்துபோன குத்துவிளக்கும் வெள்ளை படிந்த குழாயும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பித்தளைக் குத்துவிளக்கைப் புளிக்கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் செம்பு மாதிரி சிவந்துவிட்டது. குளியலறைக் குழாய்களில் புளோரைடு வெள்ளையாகப் படிந்திருக்கிறது, ஆசிட் ஊற்றலாமா? விறகடுப்புப் புகைபோக்கிக் கரியை எப்படி எடுப்பது?"

முதலில் விளக்கு. புளி மேல் தப்பில்லை, ஊறவைத்த நேரம்தான் தப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியின் அமிலம் முதலில் மேலே படிந்த கறுப்புக் கறையைக் கரைக்கும். அதோடு நிறுத்தாமல் ஊறவிட்டால் துத்தநாகத்தையும் கரைத்து எடுத்துவிடும், மேலே செம்பு மட்டும் நிற்கும். எங்கள் வீட்டுச் சொம்பை இப்படிச் சிவக்கவைத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பயப்பட வேண்டாம், சிவந்தது பெரும்பாலும் மேல்தோல்தான். சலித்த சாம்பலைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தேங்காய் நாரால் பொறுமையாகத் தேயுங்கள், மஞ்சள் திரும்பும். பிராசோ என்ற பித்தளைப் பாலிஷும் போடலாம். அடுத்த முறை புளியைக் கையில் எடுத்துத் தேய்த்து, ஐந்து பத்து நிமிடத்தில் கழுவி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே மங்கும்.

அதே சாம்பலை அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள காரம் அலுமினியத்தை அரித்து மங்கச்செய்யும்.

குழாயில் இருப்பது புளோரைடு இல்லை. நம் தருமபுரி மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்பது உண்மைதான். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் புளோரைடு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் சுண்ணாம்பு. ஆகவே குழாய் பளிச்சென்று இருந்தால் தண்ணீர் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சினாலும் புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும்.

சரி, சுண்ணாம்புக்கு என்ன செய்வது? வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறும் சரி. வாயில் சல்லடை மூடி இருந்தால் கழற்றி வினிகரில் போடுங்கள். தண்ணீர் நூலாக வருவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். பளபளப்பாக இருப்பது மேலே பூசிய மெல்லிய குரோமியம், ஆசிட் அதையே தின்றுவிடும். அதைவிட முக்கியம்: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றுசேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

புகைபோக்கியில் கை வைக்கும் முன் அடுப்பு நன்றாக ஆறட்டும். சாம்பலுக்கு அடியில் தணல் ஒரு நாள்கூட உயிரோடு இருக்கும். அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நீளக் குச்சியில் தென்னந்துடைப்பத்தைக் கட்டி, தண்ணீர் படாமல் மேலிருந்து கீழே இழுங்கள். நனைத்தால் கரி சேறாகி அப்பிக்கொள்ளும். பிசினாக, மினுமினுப்பாக ஒட்டியிருந்தால் நீங்கள் ஈர விறகு எரிக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பிசின் தீப்பற்றக்கூடியது, அதனால் சுரண்டி எடுத்துவிட்டு, அப்புறம் காய்ந்த விறகாகப் பார்த்து எரியுங்கள்.