பெர்சியஸ் கொத்தின் சூடான வாயு: கேள்வி பதில்

கேள்வி: கேலக்ஸிக் கொத்துகளுக்குள் 5 கோடி டிகிரியில் வாயு இருக்கிறதாமே. அங்கே போய் நின்றால் சாம்பலாகிவிடுவோமா?

மாட்டோம், உறைந்துபோவோம். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. துகள்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதைத்தான் வெப்பநிலை சொல்லும். எத்தனை துகள்கள் என்று சொல்லாது. ஏராளமான கேலக்ஸிகள் ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் பெர்சியஸ் கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதியிலேயே ஒரு கன மீட்டருக்குச் சில பத்தாயிரம் துகள்கள்தான். அவை மோதித் தரும் வெப்பத்தைவிட நம் உடல் கதிர்வீசி இழக்கும் வெப்பம் பல மடங்கு அதிகம்.

கேள்வி: இந்த வாயுதான் கரும்பொருளா?

இல்லை. கரும்பொருள் ஒளி வீசாது, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும். இது சாதாரணப் பொருள். எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரிகிறது. 1976-ல் ஏரியல் 5 செயற்கைக்கோள் பெர்சியஸ் வாயுவில் இரும்பின் தடயத்தையே கண்டது. விண்மீன்களுக்குள் உருவான இரும்பு அது. கொத்திலுள்ள எல்லா விண்மீன்களையும் சேர்த்தாலும் எடையில் இந்த வாயுதான் பல மடங்கு மிஞ்சும். கரும்பொருள் அதைவிடவும் அதிகம்.

கேள்வி: இவ்வளவு சூட்டில் கேலக்ஸிகள் உருகாதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விண்வெளியில் ஒலியே கிடையாது என்று பள்ளியில் படித்தோம். பெர்சியஸ் கருந்துளையின் ஒலி என்று நாசா வெளியிட்டது கட்டுக்கதையா?

கட்டுக்கதை அல்ல. ஒலிக்கு ஊடகம் வேண்டும், அவ்வளவுதான். கொத்துக்குள் வாயு இருக்கிறது. அது எவ்வளவு மெலிந்திருந்தாலும் அழுத்த அலைகள் பரவும். நடுவிலிருக்கும் என்ஜிசி 1275 கேலக்ஸியின் கருந்துளை வீசும் தாரைகள் வாயுவில் பெரிய குமிழ்களை ஊதுகின்றன. அவற்றைச் சுற்றிப் பரவும் அலைகளை நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி படம் பிடித்தது, 2003-ல் அறிவித்தார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே சுமார் ஒரு கோடி ஆண்டுகள்! பியானோவின் நடு சி-க்கு 57 ஆக்டேவ் கீழே இருக்கும் சுருதி (ஓர் ஆக்டேவ் இறங்கினால் அதிர்வெண் பாதியாகும்). 2022-ல் வந்த பதிவு அதை நம் காதுக்கு எட்டும்படி உயர்த்தியது. அங்கே போனால் அப்படிக் கேட்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சரி, அந்த ஒலியலைகள்தானே வாயுவைக் குளிரவிடாமல் காக்கின்றன? தீர்ந்துபோன விஷயத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

தீரவில்லை. நடுவிலுள்ள வாயு எக்ஸ் கதிர் வீசியே குளிர்ந்து, ஏராளமான விண்மீன்களாகத் திரண்டிருக்க வேண்டும். எதிர்பார்த்த அளவுக்கு அப்படி நடக்கவில்லை. கருந்துளைதான் ஆற்றல் தருகிறது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அந்த ஆற்றல் வாயு முழுக்க எப்படிப் பரவுகிறது, ஒலியலைகளாலா, வாயுவின் கொந்தளிப்பாலா என்பதில்தான் சண்டை.

கேள்வி: ஹிட்டோமி அளந்து சொல்லிவிட்டதே?

2016 பிப்ரவரியில் ஏவப்பட்டு, அடுத்த மாதமே செயலிழந்த ஜப்பானியச் செயற்கைக்கோள் அது. அதற்குள் பெர்சியஸைப் பார்த்துவிட்டது, நம் அதிர்ஷ்டம். அது அளந்தபடி வாயுவின் கொந்தளிப்பு வேகம் நொடிக்கு 164 கிலோமீட்டர் அளவுதான். ஒலியோ அங்கே நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் போகும். இவ்வளவு மெதுவான கொந்தளிப்பு ஆற்றலை வெகுதூரம் சுமந்து போவது கடினம். அதனால் ஒலியலைக் கட்சிக்கு வலு கூடியது உண்மை. ஆனால் அலை வேகமாகப் போனால் மட்டும் போதாது, வழியில் தேய்ந்து வெப்பமாக மாறவும் வேண்டும். எவ்வளவு மாறுகிறது என்பது இந்த மெல்லிய வாயுவின் பிசுக்குமையை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மையைப் பொறுத்தது. அதை உறுதியாக அளந்து காட்டாமல் வழக்கை முடிக்க நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: வாயு 5 கோடி டிகிரி என்றால் அதனுள் விண்கலம் அனுப்பினால்...

வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. கலம் உருகாது. கொத்து சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதுதான் பிரச்சினை.

கேள்வி: வீட்டு டெலஸ்கோப்பில் இதைப் பார்க்க முடியுமா?

வாயுவை முடியாது, எக்ஸ் கதிரை நம் வளிமண்டலம் தடுத்துவிடும். என்ஜிசி 1275-ஐப் பார்க்கலாம். பெர்சியஸ் விண்மீன் குழுவிலுள்ள அல்கோல் விண்மீனுக்குச் சற்றுக் கிழக்கே தேடுங்கள். 8 அங்குல டெலஸ்கோப்பும், ஊர் வெளிச்சமில்லாத இடமும் வேண்டும். மழை ஓய்ந்த ஜனவரி இரவுகள் நல்லது.