விதை எங்கே விற்கிறது என்பதல்ல, எங்கே விளைந்தது என்பதே கேள்வி

கேள்வி: பாரம்பரியத் தக்காளி மீது ஆசைப்பட்டு, இணையத்தில் ஒருவரிடம் செரோக்கி பர்ப்பிள், இளஞ்சிவப்பு பிராண்டிவைன் ஆகிய இரண்டு ரகங்களின் விதைகளையும் வாங்கினேன். செரோக்கி பர்ப்பிள் என்று நட்ட இருபது செடிகளில் ஏழில் சாதாரணச் சிவப்பு உருண்டைப் பழங்கள் காய்த்திருக்கின்றன. பிராண்டிவைன் இன்னும் நாற்றாகவே இருக்கிறது, படம் இணைத்துள்ளேன். இப்போது வேறொருவர் ‘பாரம்பரிய நீலத் தக்காளி’ விதை தருவதாகச் சொல்கிறார். ஏமாறாமல் எங்கே வாங்குவது? ஒரே ஒரு நல்ல கடையின் பெயரைச் சொல்லுங்கள் ஐயா.

பதில்: கடைப் பெயர் சொல்லப் போவதில்லை. தெரியாமல் அல்ல. ஒரே விற்பனையாளரிடம் ஒரு ரகம் சுத்தமாகவும் அடுத்த ரகம் குப்பையாகவும் இருக்கும். காரணம், பாரம்பரிய விதை விற்பவர்களில் பலர் விதை விளைவிப்பவர்கள் அல்லர். மூட்டையாக வாங்கி, சிறு உறைகளில் பிரித்து, அழகான படம் ஒட்டி விற்பவர்கள். அவர்களுக்கே அது யார் தோட்டத்தில் விளைந்தது என்று தெரியாது. ஆகவே வாங்கும் முன் கேளுங்கள்: இந்த விதையை விளைவித்தவர் யார்? எந்த ஆண்டு அறுவடை? பக்கத்தில் வேறு எத்தனை தக்காளி ரகங்கள் நின்றன? ‘எல்லாம் முதல் தரம், தைரியமாக வாங்குங்கள்’ என்று பதில் வந்தால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்த ரகம் இந்த ஆண்டு சரியாக வரவில்லை, விதை இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அவர் முகவரியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் முந்நூறு ரகங்கள் வைத்திருந்து, எல்லாமே எப்போதும் இருப்பில் உள்ளவரைவிட இவர் நம்பத் தகுந்தவர்.

ரகத்தின் வரலாறு தெரிந்தவரா என்றும் பாருங்கள். நீங்கள் வாங்கிய செரோக்கி பர்ப்பிள் இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பதற்குக் காரணம், 1990இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து கிரெய்க் லெஹூலியர் என்ற தக்காளி ஆர்வலருக்குக் கடிதத்தோடு வந்த ஒரு பிடி விதை. பெயரும் அவர் வைத்ததுதான். இதைச் சொல்லத் தெரியாதவர் ஏமாற்றுக்காரர் என்று ஆகிவிடாது. ஆனால் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் அந்தச் செடியைத் தம் கையால் வளர்த்தவராக இருப்பார்.

அந்த ஏழு செடிகளுக்கு வருவோம். செரோக்கி பர்ப்பிளின் கருஞ்சாயல் எப்படி வருகிறது தெரியுமா? பழம் சிவக்கும்போது உள்ளிருக்கும் பச்சையம் முழுவதும் மறைவதில்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்துதான் அந்தப் புகைநிறம். இது ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். சிவப்பு ரகத்தின் மகரந்தம் ஒருமுறை விழுந்தால் போதும், அடுத்த தலைமுறை வெறும் சிவப்பாகிவிடும். ஏழு செடிகளிலும் பழம் அச்சாக ஒன்றுபோல இருந்தால், உறையில் போடும்போதே வேறு விதை கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. எதுவானாலும் குற்றம் உங்கள் மண்ணில் இல்லை. உரம் மாற்றிப் பார்க்கச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்.

பிராண்டிவைன் படத்தைப் பார்த்தேன். இளஞ்சிவப்பு பிராண்டிவைனுக்கு உருளைக்கிழங்கு இலை இருக்க வேண்டும்: ஓரம் வெட்டுப்படாமல் வழுவழுப்பாக, அகன்று இருக்கும். இதுவும் ஒடுங்கு பண்புதான் என்பதால், கலப்பு நேர்ந்த விதை நாற்றிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் தட்டில் இடது ஓரத்து நாற்றுகள் மூன்றில் நான்காவது இலை ரம்பப் பல்லாக இருக்கிறது. அவை கலவன்கள், நடவுக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். விற்பனையாளரைச் சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. புதியவரிடம் வாங்கும்போது முதலில் உருளைக்கிழங்கு இலை ரகம் ஒன்றை வாங்கி முளைக்க விடுங்கள். அவர் தோட்டம் எப்படிப்பட்டது என்று ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

நீலத் தக்காளி வேண்டாம். கருநீலத் தோல் ரகங்களில் பெயர்பெற்ற இண்டிகோ ரோஸ், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்டது. நல்ல ரகம்தான், விதை எடுத்தாலும் குணம் மாறாது. ஆனால் அதில் பாரம்பரியம் எங்கே இருக்கிறது? அதிலும் வெயில் பட்ட தோல் மட்டுமே கருக்கும், நிழலில் இருந்த பக்கம் சிவப்புதான். உள்ளும் புறமும் வானநீலமாகப் படம் போட்டு விற்பவர் விற்பது கணினியில் தீட்டிய வண்ணத்தை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அடுத்த ஆண்டு ஏன் மறுபடி வாங்க வேண்டும் என்பது. பாரம்பரிய ரகத்தை ஆண்டுதோறும் விலைக்கு வாங்குவதைப் போன்ற வீண் வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர். உங்கள் அளவுத் தோட்டத்துக்கு நாலைந்து பழங்களின் விதை தாராளம். உலர்வாக, குளிர்ச்சியாக வைத்தால் நான்கைந்து ஆண்டுகள் முளைப்புத் திறன் குறையாது. பெரிய உறை வேண்டாம். ஒரே ரகத்தை இரண்டு மூன்று பேரிடம் சிறு உறைகளாக வாங்கி, அருகருகே நட்டு, நன்றாக வந்ததை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள்.

விதைக்குப் பழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், செடியைப் பாருங்கள். நோய்ப்பட்ட செடியில் தொங்கும் பெரிய பழத்தைவிட, தெம்பான செடியின் நடுத்தரப் பழம் மேல். பெரும்பழ ரகங்களில் முதலில் வரும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பூக்களைத் தவிருங்கள். அவற்றில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி அகன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தேனீ அயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

நண்பர்களிடம் இலவசமாகக் கிடைக்கும் விதை என்றாலும் நோய் விதையோடு வரும். 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் நேர்த்தி செய்தால் பாக்டீரியா நோய்கள் பெருமளவு அடங்கும். வைரஸுக்கு அதை நம்ப முடியாது. தேமல் கண்ட செடியிலிருந்து விதையே எடுக்காதீர்கள்.

மீதிப் பதின்மூன்று செடிகளிலும் இப்போது பழுத்திருப்பதை விதைக்கு எடுக்க வேண்டாம், அவை அந்த ஏழோடு சேர்ந்து பூத்தவை. இனி மொட்டுவிடும் பூங்கொத்துகளில் சிலவற்றை விரிவதற்கு முன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, உள்ளே மகரந்தம் உதிர்வதற்காக நாள்தோறும் மெல்லத் தட்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் வண்ண நூல் கட்டிவையுங்கள். விதை அந்தப் பழங்களில் மட்டும்.