மலை இறங்கும்போது பிடிக்காத பிரேக்

தாப்பா பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வாசகர் கேட்கிறார்: “என் சாகா காடிக்கு முன்பக்க பிரேக் பேட் மாற்றினேன். டவுனில் தொட்டாலே நிற்கிறது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கினால், பாதி வழியில் எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பில்லை. போமன் செராமிக் வகைப் பேட் போடச் சொல்கிறார். போடலாமா?”

தொட்டதும் நிற்பதை வைத்து ஒரு பேடை நல்லது என்று சொல்லிவிட முடியாது. பலமாக மிதித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால், அதன்பின் எங்கே நிற்கும் என்பது டயர் கையில். பேடின் தரம் சூட்டில்தான் தெரியும்.

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு 1,300 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். கணக்குப் போட்டால், 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 முறைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல் அது. காற்றும் இஞ்சினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் வந்தால் மீதியெல்லாம் பிரேக் தலையில்தான்.

சரி, அப்போது பெடல் எப்படி இருந்தது? கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. மெத்தென்று உள்ளே போனால் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. எந்தப் பேட் போட்டாலும் அது தீராது. எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டோட் 3 வகை பிரேக் எண்ணெய்க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

செராமிக்கில் சத்தமும் தூசியும் குறைவு. அந்தப் பெயருக்காகவே மலையில் நன்றாகப் பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ‘இ’ என்றால் உராய்வு அளவு 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45. ‘எஃப்இ’ என்றிருந்தால் சூட்டில் இறங்கும் பேட், உங்களுக்கு வேண்டாம். ‘எஃப்எஃப்’ கேளுங்கள், உலோகம் கலந்த செமி மெட்டாலிக்காக இருந்தாலும் பரவாயில்லை. எழுத்தே இல்லாத மலிவுப் பெட்டியை நான் தொடமாட்டேன்.

மாட்டியதும் ஆளில்லாத நேரான சாலையில் 60லிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் ஆறவிடுங்கள். மலையில் முதல்முறை சுமையில்லாமல் இறங்கி, பெடலை மிதிக்கும் பலம் போகப் போகக் கூடுகிறதா என்று கவனியுங்கள். கருகல் வாடை வந்தால் வழியிலுள்ள லாத்தா இஸ்கண்டார் அருவியில் ஒதுங்கி ஆறவிடலாம்.

செம்பனைத் தோட்டச் சேற்றில் ஓடும் காடிகளில் பேடைத் தட்டில் அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் பின் இறுகிக்கொள்வது சகஜம். கழற்றும்போது உள்பேடும் வெளிபேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று போமனைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று 3 மில்லிமீட்டர் தடிமனிலும் மற்றது பாதிக்கு மேலும் இருந்தால், முதலில் பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும்.